மூச்சைக் கேட்கும் கலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூச்சையும் உடலையும் இயற்கையையும் பொருளாகக் கொண்ட ஊடாடும் நிறுவல்கள் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ஓர் அறையையோ திடலையோ முழுவதுமாகக் கலைப்படைப்பாக்கி, அதற்குள் நுழைபவரின் அசைவுக்கும் தொடுகைக்கும் மூச்சுக்கும் ஏற்ப அது மாறும்படி அமைப்பதையே ஊடாடும் நிறுவல் என்கிறோம். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுக் கொழும்பிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இலண்டனில் படித்த என் மகன், அங்கே ஒரு கலைக்கூடத்தில் கண்களை மூடும் கருவியொன்றை அணிந்துகொண்டு மாபெரும் மரத்தின் முன்னால் நின்றதாகவும், தான் விட்ட மூச்சு வண்ணப் புள்ளிகளாகப் பறந்துபோனதைக் கண்டதாகவும் சொன்னான். அதற்குக் கட்டணமும் அதிகமாம். இதைக் கலை என்று கொள்வதா, சிறுவர் விளையாட்டின் விலையுயர்ந்த வடிவம் என்று கொள்வதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: உங்கள் மகன் கண்டது, மார்ஷ்மெலோ லேசர் ஃபீஸ்ட் என்ற பிரித்தானியக் கலைக்குழு 2018 டிசெம்பரில் இலண்டன் சாச்சி கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்த படைப்பாக இருக்க வேண்டும். அதில் பார்வையாளர் மெய்நிகர்க் காட்சிக் கருவியோடு, மூச்சையும் இதயத் துடிப்பையும் அறியும் உணரிகளையும் அணிந்துகொள்வார். எதிரே கலிபோர்னியக் காட்டின் செக்குவோயா மரம் ஒன்று நிற்கும். அவர் விடும் மூச்சு புள்ளிக் கூட்டமாகப் பிரிந்து மிதக்கும். பக்கத்தில் நிற்பவரின் மூச்சும் அவ்வாறே மிதக்கும். நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 0.04 சதவீதமாக இருக்கும் காபனீரொட்சைட்டு, வெளிவிடும் காற்றில் ஏறத்தாழ 4 சதவீதமாகிறது என்பதை நீங்களே எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பீர்கள். அங்கே நிற்பவர் அந்தக் கணக்கு தம் வாயிலிருந்தே புறப்பட்டு மரத்தை நோக்கிப் போவதைக் கண்ணாரக் காண்கிறார்.

கலையா விளையாட்டா என்ற உங்கள் கேள்விக்கு விடை தேட, இதற்கு முன்னோடியான ஒரு படைப்பைப் பார்ப்பது நல்லது. கனடியக் கலைஞர் சார் டேவிஸ் 1995 இல் மொன்றியலில் காட்சிப்படுத்திய ‘ஒஸ்மோஸ்’ என்னும் மெய்நிகர் உலகத்தில் நுழைபவருக்குக் கையில் பிடிக்கப் பொத்தானோ நெம்புகோலோ கொடுக்கப்படவில்லை. நெஞ்சைச் சுற்றி ஓர் உணரி உடுப்பு மாத்திரம் அணிவிக்கப்பட்டது. மூச்சை இழுத்தால் மேலே எழலாம். விட்டால் கீழே இறங்கலாம். உடலைச் சாய்த்தால் அந்தத் திசையில் மெல்ல நகரலாம். டேவிஸ் சுழியோடிப் பழகியவர். நுரையீரலைக் காற்றால் நிரப்பிச் சற்று எழுவதும், காற்றை விட்டுத் தாழ்வதும் கடலுக்கடியில் அவர் கற்ற பாடங்கள். அந்த உலகத்தில் ஒரு மரம், ஒரு குளம், ஓர் இலையின் உட்புறம், மண்ணுக்கடியிலுள்ள வேர்கள் ஆகியவை எல்லாம் ஒன்றினூடே ஒன்று தெரியும்படி மங்கலான ஒளியில் அமைந்திருந்தன. எதையும் பிடிக்க முடியாது. எங்கும் மோதிக்கொள்ளவும் முடியாது. உள்ளே இருப்பவரின் உடல் ஒரு திரையில் நிழலுருவமாக விழ, வெளியே அமர்ந்திருந்தோர் அந்த நிழல் மூச்சுவிட்டு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டில் வெல்ல வேண்டிய ஒன்று இருக்கும். திறமை கூடக்கூடப் பரிசு கிடைக்கும். ‘ஒஸ்மோஸ்’ பார்வையாளரிடம் திறமையைக் கேட்கவில்லை. அவசரமாக மூச்சு வாங்கி எல்லா இடங்களையும் பார்த்துவிட முயன்றவருக்கு அது பெரிதாக எதையும் தரவில்லை. மூச்சு தானாகத் தணிந்தவருக்கே அந்த உலகம் திறந்தது. ஆகவே, வெல்வதற்கு ஒன்றுமில்லாத போதும் நம்மை நிறுத்திவைக்கிறதா என்பதையே இத்தகைய படைப்புகளுக்கு நான் உரைகல்லாகக் கொள்கிறேன். உங்கள் மகன் கண்ட படைப்பைப் பதிவுகளில் பார்த்தவரையில், அதன் ஒளி வெள்ளம் சில இடங்களில் மூச்சை மறந்து வியக்கும்படி செய்துவிடுகிறது என்ற குறை எனக்கு உண்டு. ஆயினும் அது கலை என்பதில் ஐயமில்லை. பல ஆண்டுகள் கழித்தும் அவர் உங்களிடம் சொல்வதற்கு எடுத்துக்கொண்டது கருவியைப் பற்றிய செய்தியாக இல்லாமல் தம் மூச்சைப் பற்றிய செய்தியாக இருப்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: கணினியும் கருவிகளும் வருவதற்கு முன்பு இப்படிப்பட்ட கலை இருந்ததா? பணமுள்ள நாடுகளுக்கு மட்டும் உரிய கலையாகவே இது எனக்குத் தோன்றுகிறது.
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இருந்தது; என் எண்ணத்தில், இத்துறையின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றுக்குச் செலவான பொருள்கள் ஒரு பொலித்தீன் பையும் ஓர் இறப்பர் பட்டியும் ஒரு கூழாங்கல்லும்தான்.

பிரேசில் நாட்டுக் கலைஞர் லிஜியா கிளார்க் 1966 இல் உருவாக்கிய ‘கல்லும் காற்றும்’ என்ற படைப்பைச் சொல்கிறேன். பையில் காற்றை நிரப்பி, வாயை இறப்பர் பட்டியால் கட்டி, அதன் ஒரு மூலையில் கூழாங்கல்லை வைக்க வேண்டும். கல்லின் பாரத்தால் அந்த மூலை உள்வாங்கிக் குழியும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் பையை ஏந்தி மெதுவாக அழுத்தித் தளர்த்தினால் கல் மேலெழுந்து தாழும். ஆறேழு தடவை அழுத்துவதற்குள் ஒன்றை உணர்வீர்கள்: கைகள் தம் போக்கில் அழுத்தாமல், உங்கள் மூச்சின் தாளத்துக்குப் போய்விட்டிருக்கும். கல்லோ உயிருள்ள ஒன்றின் நெஞ்சின்மேல் கிடப்பதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கல் உருண்டு விழுந்துவிடுமாதலால், கைகளில் ஒருவகை அச்சமும் அன்பும் கலந்துவிடுகின்றன. மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டிருந்த காலத்தில், கட்டிய கையின்மேல் அணிந்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்தே கிளார்க்குக்கு இந்த எண்ணம் பிறந்தது. இதை வாசித்து முடித்ததும் வீட்டில் செய்து பாருங்கள். கலைக்கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்ப்பதைவிட அதுவே அவர் விரும்பிய முறை.

அதே காலப்பகுதியில் ஐரோப்பாவிலும் மூச்சு கலையின் பொருளாயிற்று. இத்தாலியரான பியேரோ மன்சோனி 1960 இல் தம் மூச்சால் ஒரு பலூனை ஊதி மரப்பலகையில் பொருத்தினார். காற்று எப்போதோ போய்விட்டது, பலகையில் ஒட்டிச் சுருங்கிய இறப்பரே இன்று எஞ்சியிருக்கிறது. 1977 இல் மரினா அப்ரமோவிச்சும் உலாயும் மூக்குத் துவாரங்களை அடைத்துக்கொண்டு, வாயோடு வாய் பொருத்தி, ஒருவர் விட்ட காற்றையே மற்றவர் இழுத்து ஏறத்தாழ பத்தொன்பது நிமிடங்கள் தாக்குப்பிடித்தனர். அன்புக்குரியவரின் மூச்சும் ஓர் எல்லைக்குப் பின் நம்மைக் கொல்லத் தொடங்கும் என்பதை இதைவிடக் கடுமையாகக் காட்டிய படைப்பை நான் அறியேன். வீட்டில் செய்து பார்க்கக்கூடாத படைப்பு இது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மணத்தின் வழியே மூச்சைத் தொட்டவர்களும் உண்டு. ஜுசெப்பே பெனோனே ஓர் அறையின் சுவர்களை முழுவதும் கம்பிவலைக்குப் பின்னால் திணித்த லோரல் இலைகளால் மூடினார். அறைக்குள் வருபவர் பார்க்கத் தொடங்கு முன்னரே இலையின் மணத்தை நெஞ்சுக்குள் வாங்கிவிடுகிறார். பிரேசிலரான எர்னெஸ்டோ நெட்டோவோ மஞ்சளையும் கராம்பையும் மிளகையும் மெல்லிய இழுபடு துணிப் பைகளில் நிரப்பிக் கூரையிலிருந்து துளிகளைப் போலத் தொங்கவிட்டார். கராம்பும் மிளகும் விளையும் நாட்டில், புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகளைத் தாண்டிப் போகும் ஒவ்வொருவரும் நெஞ்சு நிறைய வாங்கிக்கொள்ளும் மணம் அது. பணம் இல்லாததால் இக்கலை நமக்கு எட்டாது என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். மூச்சு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கருவிகள் அதை எவ்வாறு அறிகின்றன? நமது காலநிலையில் அவை சரியாக இயங்குமா?
– ஒரு மாணவர், மொறட்டுவை

பதில்: நான் பொறியியலாளர் அல்லேன், ஆனாலும் கலைஞர்கள் கையாளும் வழிகளைச் சொல்ல முடியும். நெஞ்சையோ வயிற்றையோ சுற்றி ஒரு பட்டியைக் கட்டி, அது இழுபடும்போது மின்தடை மாறுவதை அளப்பது ஒரு வழி. மூக்குக்கு அருகில் சிறிய வெப்ப உணரியை வைத்து, வெளிவரும் காற்றின் சூட்டை அறிவது இன்னொன்று. ஒலிவாங்கியில் ஊதச் செய்வது எளிது. மூச்சின் ஓசையைக் கேட்டே கணினி வினையாற்றும். 1988 இல் பிரான்சின் எட்மோன் கூஷோவும் மிஷெல் பிரேயும் திரையிலிருந்த ஓர் இறகைப் பார்வையாளர் ஊதிப் பறக்கவிடும்படி செய்தார்கள். 1990 இல் அதே முறையில் டண்டலியன் பூவின் விதைகளைப் பறக்கவிட்டார்கள். 2005 இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ போன்ற சிறு மின்பலகைகளைக் கொண்டு இன்றைக்கு மாணவர்களே இவற்றைச் செய்துவிட முடிகிறது.

காலநிலை பற்றிய உங்கள் கேள்வி மிக முக்கியமானது. மூக்கிலிருந்து வரும் காற்று ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. பதினைந்து பாகையிலுள்ள ஓர் ஐரோப்பிய மண்டபத்தில் அந்த வித்தியாசத்தை எந்த உணரியும் எளிதாக அறிந்துவிடும். கொழும்பில் பகல் வெப்பம் முப்பதைத் தாண்டும் நாள்களில் மூச்சுக்கும் அறைக்கும் இடையேயுள்ள வேறுபாடு மூன்று நான்கு பாகைகளாகக் குறுகிவிடுகிறது. வெப்ப உணரி தடுமாறும். குளிரூட்டி போட்டால் அது வீசும் காற்று குறுக்கிடும். மின்விசிறியின் இரைச்சல் ஒலிவாங்கியைக் குழப்பும். கடற்கரையோரத்து ஈரமும் உப்பும் மின்னிணைப்புகளை அரித்துவிடும். இங்கே செய்வதாயின் நெஞ்சுப் பட்டியே நம்பத்தக்கது என்பது என் கருத்து. குளிர்நாட்டார் தம் மூச்சை வெண்புகையாக நாள்தோறும் காண்கிறார்கள்; நமக்கோ தை மாத விடியற்காலையில் நுவரெலியாவுக்குப் போனால்தான் அந்தக் காட்சி. ஆகவே மூச்சைப் பார்வைக்குக் கொண்டுவரும் கலைக்கு நம் ஊரில் கூடுதலான வேலை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கருவியின் பக்கத்தைவிட உடலின் பக்கம் இன்னும் வியப்பானது. மூச்சு தானாகவும் நடக்கும், நம் விருப்பத்துக்கும் கட்டுப்படும். இதயத்துடிப்பை நேரடியாக மாற்ற நம்மால் முடியாது. ஆனால் மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. அவுஸ்திரேலியக் கலைஞர் ஜோர்ஜ் கூட் இந்த இயல்பையே தம் படைப்புகளின் அச்சாணியாக்கினார். துடிப்பறியும் உணரியை அணிந்த ஒருவர் நீண்ட மூச்சை விடுகையில் திரையிலுள்ள வண்ண வளையங்கள் நிறம் மாறும். 2012 இல் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தின் தேசிய புதிய ஊடகக் கலை விருதை அவர் பெற்றார். சிட்னியின் வெஸ்ட்மீட் சிறுவர் வைத்தியசாலையில், ஊசிக்கும் சிகிச்சைக்கும் அஞ்சும் பிள்ளைகளுக்காகவும் அவர் வைத்தியர்களோடு சேர்ந்து இத்தகைய படைப்பொன்றை உருவாக்கினார்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாகப் பிராணாயாமம் செய்துவருகிறேன். நம் சித்தர்கள் சொல்லாத எதை இந்த மின்விளக்குக் கலை சொல்லிவிடப் போகிறது?
– ஒரு மூத்த வாசகர், தெஹிவளை

பதில்: ஐயா, உங்கள் பயிற்சியோடு போட்டியிடும் தகுதி எந்த நிறுவலுக்கும் இல்லை, அது நாள்தோறும் தொடரும் ஒழுக்கம், இது ஒருநாட் பார்வை. ஆனால் இரண்டின் நோக்கும் வேறு. பிராணாயாமத்தில் ஒருவர் தனித்திருந்து தம் மூச்சை ஒழுங்குக்குள் கொண்டுவருகிறார். நான் மதிக்கும் நிறுவல்கள் நம் மூச்சைப் பிறர் நடுவே கொண்டுபோய் வைக்கின்றன. மெக்சிக்கோவில் பிறந்து கனடாவில் வாழும் ரஃபயேல் லொசானோ-ஹெம்மர் 2006 இல் உருவாக்கிய ‘துடிப்பறை’யில் நூறு முதல் முந்நூறு வரையிலான பழைய பாணி மின்குமிழ்கள் கூரையிலிருந்து தொங்கும். நீங்கள் கைப்பிடியைப் பற்றியதும் அருகிலுள்ள குமிழ் உங்கள் நாடியின் தாளத்தில் மின்னத் தொடங்கும். கையை விட்டதும் எல்லாம் ஒரு கணம் அணையும். பின்னர் உங்கள் துடிப்பு வரிசையின் முதற் குமிழுக்குப் போக, முன்னர் வந்தவர்களின் துடிப்புகள் ஒவ்வோரிடம் தள்ளிப்போகும். கடைசியிலிருந்த ஒருவரின் துடிப்பு அந்த அறையைவிட்டு நீங்கிவிடும். யாரென்றே தெரியாத நூறு பேருடைய நாடித்துடிப்புக்கடியில் நின்றுகொண்டு, தம்முடையது எந்தக் குமிழ் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாமற் போகும் நிலையைத் தனியறைப் பயிற்சி தருவதில்லை.

நம் மரபிலும் மூச்சு எப்போதும் தனிமையின் பொருளாக இருந்ததில்லை. திருவிழாவில் நாதஸ்வரக்காரர் கன்னங்களில் காற்றைத் தேக்கி, மூக்கால் புது மூச்சை வாங்கிக்கொண்டே இசை அறுபடாமல் நீட்டும்போது, கூடி நிற்பவர்கள் தம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். உங்கள் நாற்பது ஆண்டுப் பழக்கத்தோடு அப்படியொரு கூட்டத்தின் மூச்சையும் கவனிக்கும் ஒருவர் இந்தக் கலையை எங்களைவிட நன்றாக எடைபோட முடியும். அதனால்தான் உங்கள் கடிதத்தை மறுப்பாகக் கொள்ளாமல் அழைப்பாகக் கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. கொரோனாவுக்குப் பிறகு, பலர் ஊதிய கருவியில் நானும் ஊதுவதற்கு அஞ்சுகிறேன். என் அச்சம் சரியா?
– ஒரு வாசகி, வத்தளை

பதில்: முற்றிலும் சரி. வாய்வைக்கும் பகுதி ஒவ்வொருவருக்கும் மாற்றப்படுகிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். மாற்றாவிட்டால் ஊத வேண்டாம். செயற்கைப் பனிப்புகை நிறைந்த அறைகளில் புகை வெறும் நீரால் ஆனதா, வேறு திரவத்தால் ஆனதா என்றும் கேளுங்கள். வேகமாக மூச்சு வாங்கும்படியோ அடக்கும்படியோ சொல்லும் படைப்புகளைத் தவிர்த்துவிட்டு, உங்கள் வைத்தியர் சொன்ன உறிஞ்சு மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அச்சத்தையே கருவாகக் கொண்ட படைப்பும் உண்டு. மேலே சொன்ன லொசானோ-ஹெம்மர் 2013 இல் உருவாக்கிய ஒரு நிறுவலில், 61 கடதாசிப் பைகள் இயந்திரத் துருத்திகளால் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். அவற்றோடு இணைந்த கண்ணாடி அறைக்குள் போகிறவர், தமக்கு முன் அங்கே சென்றோர் விட்ட காற்றையே இழுக்க வேண்டும். மூச்சுத்திணறல், தொற்று, பதற்றம் பற்றிய எச்சரிக்கைகள் வாசலிலேயே இருக்கும். பெருந்தொற்றுக்கு ஏழாண்டுகள் முன்பே, பிறருடைய மூச்சு நமக்குள் போவதன் பயங்கரத்தை அவர் நினைத்திருக்கிறார். நீங்கள் வெளியில் நின்று பார்ப்பதே போதுமானது. உள்ளே போகலாமா வேண்டாமா என்று தயங்குபவரும் அந்தப் படைப்பின் பங்காளிதான்.

கேள்வி: இயற்கையைக் காட்டுவதாகச் சொல்லி மின்சாரத்தையும் இயந்திரங்களையும் வீணாக்குவது முரண்பாடு அல்லவா? மரத்தைப் பார்க்க விகாரமகாதேவி பூங்காவுக்குப் போனால் போதாதா?
– ஒரு வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: போகலாம், போகவும் வேண்டும். மரத்துக்குப் பதிலாகத் திரைமரத்தை வைக்கும் படைப்புகளில் எனக்கும் நம்பிக்கை குறைவு. ஆனால் மரத்தின் அருகே நின்றும் அதை உணராமல் போகும் பழக்கத்தைக் கலைக்கும் படைப்புகள் இருக்கின்றன. கிறிஸ்டா சொம்மரரும் லோரன்ட் மின்யொன்னோவும் 1990களின் தொடக்கத்தில் உயிருள்ள செடிகளைச் சட்டிகளில் வைத்து அவற்றின் வேர்களில் உணரிகளைப் பொருத்தினார்கள். பார்வையாளரின் கை நெருங்கும்போதே மின்னழுத்த வேறுபாடு பதிவாகி, எதிரேயுள்ள திரையில் செயற்கைத் தாவரங்கள் வளரத் தொடங்கின. செடிக்கும் நமக்கும் இடையே, தொடுவதற்கு முன்னரே ஒன்று நடந்துவிடுகிறது என்பதைக் கை அறிந்துகொள்கிறது. ஜப்பானியரான ஃபுஜிகோ நகாயா 1970 இன் ஒசாக்கா கண்காட்சியில் ஒரு மண்டபம் முழுவதையும் தூய நீரால் செய்த மூடுபனியால் மறைத்தார். காற்று எப்பக்கம் வீசுகிறதோ அப்பக்கமாக அந்தச் சிற்பம் உருமாறும். உள்ளே நிற்பவர் பனியையே சுவாசிக்கிறார். முதன்முதலில் செயற்கைப் பனிப்படிகம் உருவாக்கிய அறிவியலாளரான உக்கிச்சிரோ நகாயாவின் மகள் அவர்.

செலவு பற்றிய உங்கள் கண்டனம் நியாயமானது; கலைஞர்களே அதை உணர்ந்திருக்கிறார்கள். ஒலாஃபுர் எலியாசன் 2014 இல் கொப்பன்ஹேகனிலும் 2015 இல் பாரிஸிலும் 2018 இல் இலண்டனிலும் கிறீன்லாந்திலிருந்து கொண்டுவந்த பனிக்கட்டிப் பாறைகளைத் தெருவில் உருக விட்டார். மக்கள் காதை வைத்துக் கேட்டபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் வெடிக்கும் மெல்லிய ஓசை கேட்டது. அந்தப் பாறைகளைக் கொண்டுவந்ததால் வெளியேறிய காபனின் கணக்கையும் அவர் பொதுமக்களுக்கு வெளியிட்டார். கணக்கை வெளியிட்டதால் செலவு நேராகிவிடாது என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதை ஏற்கிறேன்.

கொழும்புக்கு மிகப் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றும் படைப்பு மைக்கல் பின்ஸ்கி 2017 இல் நோர்வேயின் ட்ரொன்ஹைமில் அமைத்த ஐந்து குவிமாடங்கள். ஒன்றோடொன்று இணைந்த அவற்றில் நோர்வேயின் தவுத்ரா தீவு, இலண்டன், புதுடில்லி, பீஜிங், சாவோ பாவுலோ ஆகிய இடங்களின் காற்று, தீங்கற்ற கலவைகளால் மீள உருவாக்கப்பட்டிருந்தது. தூய காற்றிலிருந்து புகைமண்டலத்துக்குக் கதவைத் திறந்து நுழைபவரின் தொண்டையே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். 2022 டிசெம்பரில் வடகிழக்குக் காற்று கொண்டுவந்த மாசினால் இலங்கை முழுவதும் பாடசாலைகள் ஒருநாள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டு எல்லையை மதிக்காத அந்தக் காற்றைப் பற்றி இங்கே ஒரு கலைஞர் படைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018 இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றுத்தந்த சதுப்புநிலங்களை வைத்தே அதைத் தொடங்கலாம்.

கேள்வி: கொழும்பில் இவற்றை எங்கே பார்க்கலாம்? தமிழில் விளக்கம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, கொம்பனித்தெரு

பதில்: மூச்சை நேரடியாகப் பொருளாக்கிய நிறுவல்கள் நிரந்தரமாக எங்கும் இல்லை. 2013 இல் தொடங்கிய கொழும்பஸ்கோப் என்னும் சமகாலக் கலை விழாவைக் கவனித்து வாருங்கள். 2019 இல் கடலையும் 2024 இல் காட்டையும் அது தலைப்பாகக் கொண்டிருந்தது. உங்கள் ஊரின் ரியோ திரையரங்கக் கட்டடத்திலேயே 2015 இல் அவ்விழா நடந்தது. 1983 கலவரத்தில் எரிந்த அந்தச் சுவர்களுக்கிடையே எந்தப் படைப்பை வைத்தாலும் அது உடலைப் பற்றியும் இழப்பைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2019 டிசெம்பரில் திறக்கப்பட்ட நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழியிலும் விளக்கங்களை வைக்கிறது. அங்கே தமிழில் கேள்வி கேளுங்கள், கேட்பவர்கள் இருந்தால்தான் அந்த வழக்கம் நிலைக்கும்.

கேள்வி: நான் உயர்தர வகுப்பில் சித்திரம் படிக்கிறேன். பாடசாலைக் கண்காட்சிக்கு மூச்சைப் பற்றி ஒரு நிறுவல் செய்ய விரும்புகிறேன். எங்களிடம் கணினியோ உணரியோ இல்லை. ஆசிரியர் அனுமதித்திருக்கிறார். எப்படித் தொடங்குவது?
– ஒரு மாணவி, மருதானை

பதில்: தங்கைக்கு, உணரி இல்லாதது உன் படைப்புக்கு நல்லது. மூச்சுக்கு நேரடியாக அசையும் பொருளைத் தேடு. நான் சொல்வது ஒரு வழி மாத்திரமே, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்.

உதிர்ந்த அரச இலைகளைச் சேகரி. விகாரைகளிலும் கோயில்களிலும் நிற்கும் மரங்களிலிருந்து பறிக்காதே. அவை வழிபாட்டுக்குரியவை, வீதியோரத்தில் உதிர்ந்தவையே போதும். அவற்றை ஒரு வாளித் தண்ணீரில் சில வாரங்கள் ஊறவை. இடையிடையே தண்ணீரை மாற்று. நாற்றமடிக்கும், ஆகவே வீட்டுக்கு வெளியே வைத்து அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு. இலையின் தசை இளகியதும் மென்மையான பழைய பற்தூரிகையால், நடுநரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டித் தட்டி எடு. இழுத்துத் தேய்த்தால் கிழிந்துவிடும். கடைசியில் நரம்புப் பின்னல் மட்டும் எஞ்சும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உயிரியல் புத்தகத்தில் நீ பார்த்த நுரையீரற் கிளைகள் உன் கையில் இருப்பதைக் காண்பாய். பழைய தாளிடையே வைத்து உலர்த்து.

உலர்ந்த இலைகளை ஒற்றை இழை நூலில் கட்டி, இரண்டு கதிரைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க, அவற்றின் நடுவே ஒரு மெல்லிய திரைபோலத் தொங்கவிடு. அமர்ந்திருப்பவரின் முகத்துக்கும் இலைக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இருக்கக்கூடாது. இயல்பாக விடும் மூச்சு அரை மீற்றரைத் தாண்டும்போதே வலுவிழந்துவிடும். இருவர் அமர்ந்தால், ஒருவரின் மூச்சில் அசையும் இலை மற்றவரின் முகத்தின் முன்னால் ஆடும். யாருடைய மூச்சு எந்த இலையை அசைக்கிறது என்று இருவருக்கும் தெரியாமற் போகும் கணம்தான் உன் படைப்பு. அறிவிப்புப் பலகையில் “அமருங்கள்” என்பதை மும்மொழியிலும் எழுது. “ஊதுங்கள்” என்று எழுதாதே. எழுதினால் எல்லோரும் பிறந்தநாள் மெழுகுதிரியை அணைப்பதுபோல ஊதத் தொடங்கிவிடுவார்கள். எதுவும் சொல்லாவிட்டால், இலை தம் மூச்சுக்கு அசைவதை ஒவ்வொருவரும் தாமே கண்டுபிடிப்பார்கள்.

உன் பெரும் சிக்கல் மின்விசிறி. அது சுழன்றால் இலைகள் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் வகுப்பறை வெந்துபோகும். கடற்காற்று எழுவதற்கு முந்திய காலை நேரத்தைக் கேட்டு வாங்கு. மேற்குப்புற யன்னல்களைச் சாத்திவிடக்கூடிய ஓர் அறையைத் தெரிந்தெடு. ஒரு தடவைக்கு இருவரை மட்டும் உள்ளே விடு. வாசலில் ஒரு தோழியை நிறுத்து. உள்ளே போனவர்கள் வெளியே வந்ததும் என்ன உணர்ந்தார்கள் என்பதை அவர்களுடைய சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்து, அதையும் உன் வரைபடங்களையும் தோல்வியுற்ற முயற்சிகளையும் மதிப்பீட்டுக் கோப்பில் சேர். இலைகள் கிழியும், பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். தேவையானதைவிட இரு மடங்கு இலைகளைச் செய்து ஒரு தட்டையான பிஸ்கட் தகரத்தில் அடுக்கி வைத்துக்கொள். கண்காட்சியின் தேதியை எனக்கு எழுது. இயன்றால் வந்து ஒரு கதிரையில் அமர்கிறேன்.